வங்காளதேசக் கிராமப்புறங்களில் கருத்தடைப் பயன்பாடு

வங்காளதேசக் கிராமப்புறங்களில் கருத்தடைப் பயன்பாடு என்பது, அந்நாட்டின் கிராமங்களில் வாழும் மணமான பெண்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடவோ முற்றாக நிறுத்தவோ கருத்தடை முறைகளைக் கையாளும் அளவையும், அந்த அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்துள்ள காரணிகளையும் குறிக்கும். 1975ஆம் ஆண்டில் வங்காளதேசத்தின் மணமான பெண்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரே ஏதேனும் ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தினர். 2022இல் இது ஏறத்தாழ 64 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இதே காலத்தில் மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை, 6.3இலிருந்து 2.3 ஆகக் குறைந்தது.

வறுமையும் எழுத்தறிவின்மையும் மிகுந்திருந்த, பெண்கள் வீட்டைவிட்டு வெளியே செல்வதற்குக் கட்டுப்பாடுகள் இருந்த ஒரு வேளாண் சமூகத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது. எனவே மக்கள்தொகையியலில் மிகுதியாக ஆராயப்பட்ட நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும். கருத்தடைப் பொருட்கள் கிடைப்பது மட்டும் போதாது என்பதும், அவற்றைக் கொண்டுவருபவர் யார், உடல்நலக் குறைவு ஏற்பட்டால் அவர் திரும்ப வருவாரா என்பவையே ஒரு பெண்ணின் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதும் இந்நாட்டின் பட்டறிவு தரும் முக்கியமான பாடங்களாகும்.

பின்னணி

இப்பகுதி கிழக்குப் பாக்கித்தானாக இருந்தபோது, 1950களில் தன்னார்வ அமைப்புகள் குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியைத் தொடங்கின. 1960களின் நடுப்பகுதியில் அரசுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 1971இல் நாடு விடுதலை அடைந்தது. போரும் அதன் பின் 1974இல் ஏற்பட்ட கடும் பஞ்சமும் நாட்டை நிலைகுலைத்தன. 1976இல் அரசு மக்கள்தொகைப் பெருக்கத்தை நாட்டின் முதன்மைச் சிக்கலாக அறிவித்தது. குடும்ப நல உதவியாளர்கள் எனப்படும் பெண் ஊழியர்கள் கிராமங்கள்தோறும் அமர்த்தப்பட்டனர். பிற்காலத்தில் இவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 23,500 ஆக உயர்ந்தது. வீடு வீடாகச் சென்று பெண்களுடன் பேசுவதும், மாத்திரைகளையும் ஆணுறைகளையும் வழங்குவதும், பிற முறைகளை விரும்புவோரை மருத்துவ நிலையங்களுக்கு அனுப்புவதும் இவர்களது பணிகள் ஆகும்.

இதே காலத்தில் 'ராஜா' என்ற பெயரில் ஆணுறைகளும், 'மாயா' என்ற பெயரில் மாத்திரைகளும் குறைந்த விலையில் கடைகளில் விற்கப்பட்டன. விளம்பரங்கள் வாயிலாக இப்பெயர்கள் சிற்றூர்களிலும் அறியப்பட்டன.

1975இல் நடத்தப்பட்ட நாடளாவிய கருவள ஆய்வு ஒரு முரண்பாட்டை வெளிப்படுத்தியது. பெரும்பாலான மணமான பெண்கள் ஒரு கருத்தடை முறையையாவது கேள்விப்பட்டிருந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இனிக் குழந்தை வேண்டாம் என்றும் கூறினர். ஆயினும் மிகச் சிலரே ஏதேனும் ஒரு முறையைப் பயன்படுத்தி வந்தனர். எனவே அறியாமையோ குழந்தைகள் மீதான விருப்பமோ மட்டும் இதற்கு விளக்கம் ஆகாது. விருப்பத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையே நின்ற தடைகள் யாவை என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாயிற்று.

மத்லப் ஆய்வு

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை மத்லப் என்னும் இடத்திலிருந்து கிடைத்தது. மத்லப், டாக்காவிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தென்கிழக்கே மேக்னா ஆற்றுப் பகுதியில் அமைந்த தாழ்நிலமாகும். மழைக்காலத்தில் வயல்கள் நீரில் மூழ்கிவிடுவதால் படகே முதன்மைப் போக்குவரத்தாக இருந்தது. வாந்திபேதி நோயை ஆராய்வதற்காக 1960இல் டாக்காவில் தொடங்கப்பட்ட ஆய்வகம், 1963இல் மத்லப்பில் ஒரு களநிலையத்தை அமைத்தது. 1966 முதல் இங்குள்ள கிராமங்களின் பிறப்பு, இறப்பு, திருமணம், இடப்பெயர்வு ஆகியவை முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. இவ்வாய்வகமே பின்னர் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமாக வளர்ந்தது.

முதல் முயற்சி (1975 - 1977)

1975இல் தொடங்கிய முதல் திட்டத்தில் மாத்திரைகளும் ஆணுறைகளும் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டன. இவற்றை வழங்கியவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்களைச் சேர்ந்த, எழுத்தறிவற்ற முதிய பெண்களும் கைம்பெண்களும் ஆவர். முதுமையின் காரணமாக இவர்கள் தடையின்றி எந்த வீட்டுக்கும் செல்ல முடிந்தது. தொடக்கத்தில் பயன்பாடு விரைந்து உயர்ந்தது. ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. மாத்திரை உண்டவர்களுள் பலர் தலைச்சுற்றல், குமட்டல், ஒழுங்கற்ற உதிரப்போக்கு ஆகியவற்றை உணர்ந்து நிறுத்திவிட்டனர். பொருளை வழங்கியவர்களால் இதற்கு விளக்கமோ மருந்தோ தர இயலவில்லை. மாற்று முறைகளும் அவர்களிடம் இல்லை.

இரண்டாம் முயற்சி (1977 முதல்)

1977 அக்டோபரில் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. 70 கிராமங்கள் சேவைப் பகுதியாகவும், எஞ்சியவை வழக்கமான அரசுச் சேவை மட்டும் பெறும் ஒப்பீட்டுப் பகுதியாகவும் பிரிக்கப்பட்டன. 80 பெண் ஊழியர்கள் புதிதாக அமர்த்தப்பட்டனர். இவர்கள் அவ்வூர்களில் வாழும், பள்ளிக் கல்வி பெற்ற, மணமான இளம் பெண்கள் ஆவர். தாமே கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவோராகவும் இருந்தனர். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்றனர்.

முதல் முயற்சியிலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபட்டது.

1. பல முறைகள் வழங்கப்பட்டன. மாத்திரை, ஆணுறை ஆகியவற்றுடன், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் டெப்போ-புரோவெரா ஊசி மருந்தும் வீட்டிலேயே கிடைத்தது. கருப்பையகச் சாதனமும் அறுவைச் சிகிச்சையும் விரும்புவோருக்கு ஏற்பாடு செய்யப்பட்டன.
2. பக்கவிளைவு ஏற்பட்டால் அடுத்த வருகையிலேயே அது கேட்டறியப்பட்டது. ஒரு முறை ஒத்துக்கொள்ளாவிடில் வேறொன்றுக்கு மாறலாம். சிகிச்சை தேவைப்படுவோருக்கு உதவத் துணை நிலையங்களில் பயிற்சி பெற்ற பெண் மருத்துவ உதவியாளர்கள் இருந்தனர்.
3. படிப்படியாகத் தாய்க்கும் குழந்தைக்கும் உரிய பிற சேவைகளும் இணைக்கப்பட்டன. வயிற்றுப்போக்கிற்கான உப்பு-சருக்கரைக் கரைசல், தடுப்பூசிகள் முதலியன இவற்றுள் அடங்கும்.

சேவைப் பகுதியில் ஓரிரு ஆண்டுகளுக்குள் மணமான பெண்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1990 அளவில் இது பாதியைத் தாண்டியது. அப்போது ஒப்பீட்டுப் பகுதியில் அது கால் பங்கைச் சற்றே விஞ்சியிருந்தது. இரு பகுதிகளும் ஒரே மொழியும், ஒத்த சமய, தொழில் நிலைகளும் கொண்டவை. ஆகவே இவ்வேறுபாடு பெரும்பாலும் சேவையின் தன்மையால் விளைந்ததே எனக் கொள்ளப்படுகிறது. அதே வேளையில், ஒப்பீட்டுப் பகுதியிலும் பயன்பாடு தொடர்ந்து உயர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1982 முதல் இவ்வணுகுமுறையின் கூறுகளை அரசு ஊழியர்கள் வாயிலாகவே செயற்படுத்த இயலுமா என்பது வேறு வட்டாரங்களில் சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் நாடளாவிய திட்டத்தில் பெண் ஊழியர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வழிவகுத்தன.

செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்

குழந்தைகளின் உயிர்பிழைப்பு

1970களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளுள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டவை ஐந்து வயதுக்கு முன்னரே இறந்தன. முதுமையில் தாங்குவதற்கு ஓரிரு பிள்ளைகளாவது எஞ்ச வேண்டுமானால் பல குழந்தைகளைப் பெற வேண்டும் என்ற கணிப்பு அந்நிலையில் பொருத்தமானதே. தடுப்பூசிகளும் வயிற்றுப்போக்குச் சிகிச்சையும் பரவி இறப்புகள் குறைந்தபோது, சிறு குடும்பம் இடர் மிகுந்ததாகத் தோன்றவில்லை. ஒரு குழந்தையை இழந்த தாய் கருத்தடையை நிறுத்திவிட்டு விரைவில் மீண்டும் கருத்தரிக்க முயல்வதும் இக்காரணத்தாலேயே ஆகும்.

ஆண் மகவு விருப்பம்

நிலத்தை உழுவதும், முதிய பெற்றோரைக் காப்பதும் மகன்களின் கடமையாகக் கருதப்படுகின்றன. மணமான மகள் கணவர் வீட்டுக்குச் சென்றுவிடுகிறாள். கைம்பெண்ணான தாய்க்கு மகனே பெரும்பாலும் ஒரே பற்றுக்கோடு. எனவே பெண் குழந்தைகளை மட்டும் பெற்றவர்களிடையே கருத்தடைப் பயன்பாடு குறைவாகவும், ஒரு மகனேனும் உள்ளவர்களிடையே கூடுதலாகவும் இருப்பதை மத்லப் பதிவுகள் காட்டுகின்றன.

கணவரும் மாமியாரும்

கூட்டுக் குடும்பங்களில் இளம் மருமகளின் முடிவுகளில் மாமியாருக்கும் கணவருக்கும் பெரும் பங்கு உண்டு. முதல் குழந்தை பிறக்கும் வரை மருமகளின் நிலை உறுதியற்றதாகவே இருக்கும். ஆகவே புதிதாக மணமானவர்கள் கருத்தடையைக் கையாள்வது அரிது. கணவருடன் இதுபற்றி வெளிப்படையாகப் பேசும் பெண்களே மிகுதியாகக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துகின்றனர் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச இயலாத பெண்களுக்கு ஊசி மருந்து ஒரு வழியாக அமைந்தது. மாத்திரை அட்டையை வீட்டில் மறைத்து வைக்க வேண்டும். ஊசிக்கு அத்தேவை இல்லை.

பர்தாவும் தொலைவும்

பர்தா என்னும் ஒதுங்கி வாழும் வழக்கத்தின்படி, இளம் பெண்கள் துணையின்றிச் சந்தைக்கோ மருத்துவமனைக்கோ செல்வது மதிப்புக் குறைவாகக் கருதப்பட்டது. ஒரு முற்றத்தைச் சுற்றி உறவினர் வீடுகள் அமைந்த 'பாரி' என்னும் குடியிருப்பே அவர்களின் அன்றாட உலகமாக இருந்தது. நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், கணவரின் இசைவு, உடன் வர ஒரு துணை, படகுக் கூலி, வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகிய நான்கும் ஒருசேர அமைந்தால்தான் செல்ல முடியும். ஊழியர் முற்றத்துக்கே வந்தபோது இந்நான்கு தடைகளும் விலகின.

பக்கவிளைவுகள்

கருத்தடையைத் தொடங்கியவர்கள் அதை நிறுத்துவதற்குக் கூறும் முதன்மையான காரணங்களுள் பக்கவிளைவுகளும் அவை பற்றிய அச்சமும் அடங்கும். போதிய உணவின்றிக் கடும் வேலை செய்யும் பெண்ணுக்குத் தலைச்சுற்றலும் சோர்வும் சிறு தொல்லைகள் அல்ல. நெல் புழுக்குவது, குத்துவது, நீர் கொணர்வது முதலிய வேலைகள் தடைப்பட்டால் குடும்பத்தினர் கருத்தடையையே குறை கூறுவர். மருத்துவச் செலவுக்குப் பணம் தர அவர்கள் மறுப்பதும் உண்டு. ஊசி மருந்தாலும் கருப்பையகச் சாதனத்தாலும் உண்டாகும் ஒழுங்கற்ற உதிரப்போக்கு வேறொரு வகையிலும் இடையூறாகிறது. இசுலாமிய வழக்கப்படி மாதவிலக்கின்போது பெண்கள் தொழுகையும் நோன்பும் மேற்கொள்வதில்லை. எனவே நாள் கணக்கில் நீடிக்கும் கசிவு, உடல்நலச் சிக்கலுடன் சமய வாழ்வின் சிக்கலாகவும் ஆகிறது.

சமயம்

மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் முசுலிம்கள் ஆவர். தொடக்கத்தில் சமயத் தலைவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அரசு இமாம்களுக்கான பயிற்சிகளில் குடும்ப நலத்தையும் சேர்த்தது. தற்காலிக முறைகள் ஏற்கத்தக்கவை, நிரந்தர அறுவைச் சிகிச்சை ஏற்கத்தக்கதன்று என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. மாத்திரையும் ஊசியும் அறுவைச் சிகிச்சையைவிட மிகுதியாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கல்வியும் வருமானமும்

கல்வி பெற்ற பெண்கள் கருத்தடை முறைகளை முன்னதாக ஏற்றனர். எனினும் வங்காளதேசத்தில் கல்வியற்ற ஏழைப் பெண்களிடையேயும் பயன்பாடு விரைந்து பரவியது என்பதே சிறப்பாகும். கிராமின் வங்கி, பிராக் முதலியவற்றின் சிறுகடன் குழுக்களில் சேர்ந்த பெண்களிடையே பயன்பாடு கூடுதலாக இருந்ததை 1990களின் ஆய்வுகள் காட்டின. சொந்த வருவாய் தரும் பேச்சுரிமையும், வாரந்தோறும் பிற பெண்களைச் சந்திக்கும் வாய்ப்பும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. 1994 முதல் நாடெங்கும் கிராமப்புறச் சிறுமியருக்கு வழங்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை அடுத்த தலைமுறையின் கல்வியை உயர்த்தியது.

மண வயது

பெண்ணின் சட்டப்படியான திருமண வயது 18 ஆகும். எனினும் 2014ஆம் ஆண்டு ஆய்வின்படி, 20 முதல் 24 வயது வரையிலான பெண்களுள் 59 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்னரே மணமானவர்கள். இதனால் முதற்பேறு பதின்ம வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கருத்தடை பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகே தொடங்குகிறது.

கணவரின் இடப்பெயர்வு

கிராமப்புற ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் டாக்காவிலும் வேலை செய்கின்றனர். கணவர் வெளியூரில் உள்ளபோது பெண்கள் கருத்தடையை நிறுத்திவிடுகின்றனர். அவர் விடுமுறையில் திடீரென வரும்போது எவ்வித ஏற்பாடும் இன்றிக் கருத்தரிக்க நேர்கிறது.

வட்டார வேறுபாடுகள்

நாடு முழுவதும் நிலைமை ஒரே தன்மையதாக இல்லை. 2014இல் ரங்பூர் கோட்டத்தில் பயன்பாடு ஏறத்தாழ 70 விழுக்காடாகவும், சில்ஹெட் கோட்டத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடாகவும் இருந்தது. சில்ஹெட்டின் 'ஹாவோர்' எனப்படும் தாழ்நிலங்கள் ஆண்டின் பல மாதங்கள் வெள்ளத்தில் மூழ்கியிருப்பதால் ஊழியர்கள் செல்வது கடினம். சமயக் கட்டுப்பாடும், வெளிநாடுகளுக்குச் சென்ற ஆண்களின் எண்ணிக்கையும் அங்கு மிகுதி.

முறைகளின் பரவல்

வங்காளதேசத்தில் மிகுதியாகப் பயன்படுவது மாத்திரை ஆகும். 2022இல் மணமான பெண்களுள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் இதனைப் பயன்படுத்தினர். ஊசி மருந்து அடுத்த நிலையில் உள்ள முறைகளுள் ஒன்று. ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சை மிகக் குறைவு.

இது அண்டை நாடான இந்தியாவினின்று பெரிதும் வேறுபடுகிறது. இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அந்நாட்டின் மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினரும் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொடர் வழங்கல் தேவையில்லை. மாத்திரைக்கோ ஊசிக்கோ அது இன்றியமையாதது. எனவே வங்காளதேசத்தில் சேவையில் ஏற்படும் எத்தடங்கலும் பயன்பாட்டை உடனே பாதிக்கக்கூடும்.

வீட்டுவாசலிலிருந்து நிலையத்துக்கு

வீடுதோறும் சென்று வழங்குவது செலவு மிகுந்தது. 1998இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்கீழ், ஏறத்தாழ 6,000 மக்களுக்கு ஒன்றாகச் சமுதாய மருத்துவ நிலையங்கள் அமைக்கப்பட்டு, வீட்டு வருகைகள் குறைக்கப்பட்டன. 2001இல் ஆட்சி மாறியபின் இந்நிலையங்கள் கைவிடப்பட்டு, 2009இல் மீண்டும் திறக்கப்பட்டன. இடைக்காலத்தில் பெண்களுள் பலர் மருந்துக் கடைகளை நாடினர். கடைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருபவர் பெரும்பாலும் கணவரே ஆவார். இதனால் கணவருக்குத் தெரியாமல் ஒரு பெண் கருத்தடையைக் கையாள்வது கடினமாயிற்று.

விமர்சனங்கள்

வீட்டுவாசல் சேவை பெண்கள் வெளியே செல்ல வேண்டிய தேவையையே நீக்கி, பர்தா வழக்கத்தை மறைமுகமாக வலுப்படுத்தியது என்று சில ஆய்வாளர்கள் குறை கூறினர். ஊழியராகப் பணியாற்றிய பெண்களின் வாழ்வும் அவர்களைக் கண்ட பிற பெண்களின் எண்ணங்களும் மாறின என்பது இதற்கு மறுமொழியாகக் கூறப்படுகிறது.

1980களில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணமும், பெண்களுக்குச் சேலையும் ஆண்களுக்கு லுங்கியும் வழங்கப்பட்டன. இது இழப்பீடே என அரசு கூறியது. உணவுப் பற்றாக்குறை மிகுந்த மாதங்களில் வறியவர்கள் பணத்துக்காகவே உடன்பட நேரிட்டது என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். டெப்போ-புரோவெரா ஊசிமருந்தும் விவாதத்துக்குள்ளானது. ஐக்கிய அமெரிக்காவில் கருத்தடைக்காக இதற்கு 1992இல்தான் இசைவு வழங்கப்பட்டது. வங்காளதேசத்தில் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பயன்பாட்டில் இருந்தது.

விளைவுகள்

கருத்தடைப் பயன்பாட்டின் விளைவு குடும்ப அளவோடு நின்றுவிடுவதில்லை. வங்காளதேசத்தில் 2001இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 322 ஆக இருந்த தாய் இறப்பு, 2010இல் 194 ஆகக் குறைந்தது. பேறுகளின் எண்ணிக்கை குறைந்தது, குறிப்பாகப் பல குழந்தைகளைப் பெற்ற மூத்த பெண்களிடையே குறைந்தது, இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

1979 முதல் 'மாதவிலக்கு ஒழுங்குபடுத்தல்' என்ற பெயரில் தொடக்கநிலைக் கருவை நீக்கும் சேவை அரசுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மத்லப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, சிறந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை கிடைத்த பகுதியில் கருக்கலைப்பு குறைவாக இருந்ததை நிறுவியது. ஒப்பீட்டுப் பகுதியின் பெண்களும் சிறு குடும்பத்தையே விரும்பினர். ஆனால் அவர்களுள் கூடுதலானோர் வேண்டாத கருவைத் தாங்கிய பின்னரே தீர்வு தேடவேண்டியிருந்தது.

அண்மைய நிலை

2011 முதல் 2022 வரையிலான ஆய்வுகளில் மொத்தக் கருவள வீதம் 2.3 அளவிலேயே நின்றது. கருத்தடையைத் தொடங்கும் பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டுக்குள் அம்முறையை நிறுத்திவிடுகின்றனர். 2022இல் மணமான பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், குழந்தையைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ விரும்பியும் எம்முறையையும் பயன்படுத்தாதிருந்தனர். கருத்தடை பற்றி அறியாதவர்கள் இப்போது கிராமங்களிலும் அரியர். தொடங்கியவர்கள் இடையில் விட்டுவிடாதிருக்க உதவுவதே இன்றுள்ள பணியாகும். பக்கவிளைவுகளைக் கேட்டறிந்து மாற்று வழி கூறும் ஊழியரின் தேவை, மத்லப்பில் 1977இல் உணரப்பட்டது போலவே இன்றும் உள்ளது.